ஊசியிலை மரங்கள்: வயது கூடக் கூட எடை எங்கே சேர்கிறது, சத்து எங்கே நிற்கிறது?

மரம் வளர்க்கும் உழவர்கள் அறுவடையின்போது பார்ப்பது எடையை. லாரியில் எத்தனை டன் ஏறியது, டன்னுக்கு என்ன விலை கிடைத்தது என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த எடையில் தண்டு எவ்வளவு, கிளை எவ்வளவு, இலை எவ்வளவு, மண்ணுக்குள் நின்ற வேர் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அடுத்த முறை அதே நிலத்தில் மரம் எப்படி வளரும் என்பது பெரும்பாலும் இந்தப் பிரிவினையைப் பொறுத்தே அமைகிறது.

மரத்தின் எடை பெரும்பாலும் தண்டில் இருக்கிறது. சத்து பெரும்பாலும் இலையில் இருக்கிறது. மரத்துக்கு வயது கூடக் கூட தண்டின் பங்கு ஏறுகிறது, இலையின் பங்கு இறங்குகிறது. ஆகவே எந்த வயதில் வெட்டுகிறோம், வெட்டியபின் எதை நிலத்தில் விட்டுச் செல்கிறோம் என்பதைப் பொறுத்து மண் இழக்கும் சத்து பல மடங்கு மாறுபடும். உலகில் இது மிக விரிவாக ஆராயப்பட்டது ஊசியிலை மரங்களில்தான். எனவே அவற்றை, குறிப்பாக ரேடியேட்டா பைன் மரத்தை, எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே பார்ப்போம்.

ஊசியிலை மரங்கள் எவை?

பைன், தேவதாரு, ஃபர், ஸ்புரூஸ், சைப்ரஸ் ஆகியவை ஊசியிலை மரங்கள். இவை பூப்பதில்லை. விதைகள் பெரும்பாலும் கூம்பு போன்ற அமைப்பில் உண்டாகின்றன. இமயமலைப் பகுதியில் சிர் பைன், தேவதாரு போன்றவை இயற்கையாகவே காடுகளாக உள்ளன. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மர இனம் நாகியா வல்லிச்சியானா ஒன்றுதான். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் காணப்படுகிறது. கொடைக்கானலிலும் ஊட்டி தலைக்குந்தா பகுதியிலும் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் பைன் காடுகள் மனிதர்கள் நட்டு வளர்த்தவை.

சவுக்கு மரத்தையும் பலர் ஊசியிலை மரம் என்றே எண்ணுகின்றனர். அது சரியல்ல. சவுக்கு பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது கணுக்கள் கொண்ட மெல்லிய பச்சைக் குச்சி. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் சிறு செதில்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் அடிப்படை சவுக்குக்கும் பொருந்தும். அதைப் பின்னர் பார்ப்போம்.

உயிர்ப்பொருள் என்றால் என்ன?

பயோமாஸ் எனப்படும் உயிர்ப்பொருள் என்பது ஈரம் முழுவதும் நீக்கப்பட்டபின் மரத்தில் மிஞ்சும் எடை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர் என்பதால், பச்சை எடையை வைத்து ஒரு மரத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டால் கணக்கு தவறும். உலர் எடையை ஐந்து பாகங்களாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்:

• ஊசி இலைகள்
• உயிருள்ள கிளைகளும் காய்ந்த கிளைகளும்
• தண்டின் பட்டை
• தண்டின் மரப்பகுதி
• வேர்கள்

பருவம்தோறும் எடை எப்படி மாறுகிறது?

ரேடியேட்டா பைன் அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையைத் தாயகமாகக் கொண்டது. இன்று நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, ஸ்பெயின் நாடுகளில் பெரும் பரப்பில் பயிராக வளர்க்கப்படுகிறது. நியூசிலாந்தில் நட்டு வளர்க்கப்படும் காடுகளில் சுமார் 90 சதவீதம் இந்த மரம்தான். அங்கே பெரும்பாலும் 28 ஆண்டு வாக்கில் வெட்டுகிறார்கள்.

முதல் பருவம் – நட்டதிலிருந்து 3, 4 ஆண்டுகள் வரை: கன்று இந்தக் காலத்தில் இலையையும் வேரையும் உருவாக்குவதில்தான் பெரும் பகுதியைச் செலவிடுகிறது. நிலத்துக்கு மேலே உள்ள எடையில் பாதிக்கு அருகில் ஊசி இலைகளாகவே இருக்கும். தண்டு மெலிந்திருக்கும். மொத்த எடையில் வேரின் பங்கு மிக அதிகமாக இருப்பதும் இப்போதுதான்.

இரண்டாம் பருவம் – சுமார் 5 முதல் 10 ஆண்டுகள்: பக்கத்து மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடித் தோப்பில் நிழல் மூடுகிறது. ஒரு ஹெக்டேரில் உள்ள மொத்த இலையின் அளவு ஏறத்தாழ உச்சத்தைத் தொடுகிறது. கிளைகள் தடிக்கின்றன. தண்டு வேகமாக எடை போடத் தொடங்குகிறது.

மூன்றாம் பருவம் – சுமார் 10 முதல் 20 ஆண்டுகள்: மேலே புதிய ஊசிகள் வரும் அளவுக்குக் கீழே பழைய ஊசிகள் உதிர்கின்றன. ஆகவே இலையின் மொத்த எடை பெரிதாக ஏறுவதில்லை. வெளிச்சம் கிடைக்காத கீழ்க்கிளைகள் காய்கின்றன. ஆண்டுதோறும் சேரும் புதிய எடை பெரும்பாலும் தண்டுக்கே போகிறது.

நான்காம் பருவம் – 20 ஆண்டுகளுக்கு மேல்: நிலத்துக்கு மேலே உள்ள எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்டும் பட்டையும்தான். ஊசி இலைகளின் பங்கு இருபதில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்காம் பருவத்தில் இலையின் பங்குதான் குறைகிறது, இலையின் அளவு அவ்வளவாகக் குறைவதில்லை. ஏறக்குறைய அதே அளவு இலை நிற்கிறது; தண்டு பல மடங்கு பெருத்துவிட்டதால் இலையின் பங்கு சிறிதாகத் தெரிகிறது.

ஏன் இப்படி நடக்கிறது?

முதல் காரணம், இலைக்கு ஆயுள் உண்டு. ரேடியேட்டா பைனில் ஒரு ஊசி சுமார் 2 முதல் 4 ஆண்டுகள் மரத்தில் நின்று உதிரும். தண்டில் ஒருமுறை உருவான மரவளையம் உதிர்வதில்லை. ஆண்டுதோறும் புதிய வளையம் அதன் மேல் சேர்ந்துகொண்டே போகிறது. வந்து போகும் இலை ஒரு மட்டத்தில் நின்றுவிட, சேர்ந்துகொண்டே போகும் தண்டு அதை மிஞ்சிவிடுகிறது.

இரண்டாவது காரணம், வெளிச்சத்துக்கு எல்லை உண்டு. ஒரு ஹெக்டேரில் விழும் வெயிலைப் பிடிக்க ஒரு குறிப்பிட்ட அளவு இலை போதும். அதற்கு மேல் இலை இருந்தால் கீழிலைகள் நிழலில் நின்று காய்ந்துவிடும்.

மூன்றாவது காரணம், மரம் உயரமாகும்போது இலைக்குத் தண்ணீர் ஏற்றும் பாதை நீள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷினோசாகி, யோடா, ஹோசுமி, கிரா ஆகியோர் 1964-இல் இதைக் குழாய் மாதிரி என்ற கருத்தாக விளக்கினர். ஒவ்வொரு அளவு இலைக்கும் தண்டில் அதற்கேற்ற தண்ணீர்க் குழாய்கள் வேண்டும் என்பது அதன் சாரம். மரம் உயர உயர அந்தக் குழாய்களும் நீள வேண்டும். மேலே இருந்த இலை உதிர்ந்தபின் வேலை இழந்த பழைய குழாய்கள் தண்டுக்குள்ளேயே தங்கி, காலப்போக்கில் வைரமாக மாறுகின்றன. ரேடியேட்டா பைனில் சுமார் 12 முதல் 15 ஆண்டு வாக்கில் வைரம் உருவாகத் தொடங்குகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தண்டின் நடுவில் உள்ள முதல் சில வளையங்கள் இலேசானவை. வெளியே போகப் போக மரம் அடர்த்தியாகிறது. ஆகவே ஒரே கன அளவு மரமாக இருந்தாலும், வயதான மரத்தின் வெளிப்பகுதி அதிக எடை நிற்கும்; வலிமையும் கூடுதல்.

வேரின் பங்கு எவ்வளவு?

வேரைத் தோண்டி எடை போடுவது கடினம் என்பதால், நிலத்துக்கு மேலுள்ள எடையை வைத்து வேரின் எடையை மதிப்பிடுகிறார்கள். ஐ.பி.சி.சி. எனப்படும் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில், மிதவெப்பப் பகுதி ஊசியிலை மரங்களுக்கு இந்த விகிதங்கள் தரப்பட்டுள்ளன:

• மேற்பகுதி எடை ஹெக்டேருக்கு 50 டன்னுக்குக் கீழ்: வேர், அதில் 0.40 பங்கு
• 50 முதல் 150 டன் வரை: 0.29 பங்கு
• 150 டன்னுக்கு மேல்: 0.20 பங்கு

இதை வைத்துக் கணக்கிட்டால், மேலே 40 டன் நிற்கும் இளம் தோப்பில் வேர் 16 டன். மேலே 100 டன் நிற்கும் தோப்பில் 29 டன். மேலே 200 டன் நிற்கும் முதிர்ந்த தோப்பில் 40 டன். வேரின் எடை கூடுகிறது; ஆனால் மொத்த மரத்தில் அதன் பங்கு 29 சதவீதத்திலிருந்து 22-க்கும், பின்னர் 17-க்கும் இறங்குகிறது.

இவை சராசரி மதிப்புகள். ஒரே எடைப் பிரிவிலும் இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு உண்டு. வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில் மரம் வேருக்குக் கூடுதலாகச் செலவிடும். நீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் மேற்பகுதிக்குக் கூடுதலாகச் செலவிடும்.

எடை வேறு, சத்து வேறு

உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. நல்ல நிலையில் உள்ள ரேடியேட்டா பைனின் ஊசி இலையில் தழைச்சத்து, உலர் எடையில் சுமார் 1.5 சதவீதம் இருக்கும். அதாவது ஒரு டன் உலர்ந்த ஊசியில் 15 கிலோ தழைச்சத்து. இது சுமார் 33 கிலோ யூரியாவுக்குச் சமம். தண்டின் மரப்பகுதியில் ஒரு டன்னுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே தழைச்சத்து இருக்கும். கிளையும் பட்டையும் இவற்றுக்கு இடைப்பட்டவை. பட்டையில் சுண்ணாம்புச் சத்தும் அதிகம்.

மரம் இதில் சிக்கனமாக நடந்துகொள்கிறது. ஊசி உதிரும் முன் அதிலுள்ள தழை, மணி, சாம்பல் சத்துகளில் ஒரு பெரும் பகுதியைத் திரும்ப இழுத்துப் புதிய தளிருக்கு அனுப்புகிறது. தண்டின் உட்பகுதி வைரமாக மாறும்போதும் இதேபோல் சத்தை வெளியே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வைரம் பாய்ந்த மரத்தில் எடை அதிகம், சத்து மிகக் குறைவு. ஆனால் பச்சை மரத்தை வெட்டும்போது, மரத்துக்குச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. வெட்டிய மரத்தின் பச்சை ஊசியில் முழுச் சத்தும் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள டன் அளவுகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒரு டன்னுக்கு ஊசியில் 15 கிலோ, கிளை, பட்டையில் 3 கிலோ, மரப்பகுதியில் 0.7 கிலோ தழைச்சத்து எனக் கொள்வோம். பரப்பு ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர்.

7 ஆண்டு இளம் தோப்பு: ஊசி 8 டன், கிளையும் பட்டையும் 8 டன், மரப்பகுதி 14 டன். மொத்தம் 30 டன். இதில் தழைச்சத்து 120 + 24 + 10 = 154 கிலோ.

28 ஆண்டு முதிர்ந்த தோப்பு: ஊசி அதே 8 டன், கிளையும் பட்டையும் 42 டன், மரப்பகுதி 200 டன். மொத்தம் 250 டன். இதில் தழைச்சத்து 120 + 126 + 140 = 386 கிலோ.

இப்போது ஒரே நிலத்தில் 28 ஆண்டுக் காலத்தை ஒப்பிடுவோம்:

• 7 ஆண்டுக்கு ஒருமுறை என நான்கு முறை முழு மரத்தையும் எடுத்தால்: 120 டன் கிடைக்கும். வெளியேறும் தழைச்சத்து 616 கிலோ. இது 45 கிலோ யூரியா மூட்டைகளில் சுமார் 30.
• 28 ஆண்டில் ஒருமுறை முழு மரத்தையும் எடுத்தால்: 250 டன் கிடைக்கும். வெளியேறுவது 386 கிலோ. சுமார் 19 மூட்டை.
• 28 ஆண்டில் பட்டை உரித்த தண்டை மட்டும் எடுத்தால்: 200 டன் கிடைக்கும். வெளியேறுவது 140 கிலோ. சுமார் 7 மூட்டை.
• 7 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினாலும், ஊசியை மட்டும் நிலத்தில் விட்டுவிட்டால்: 88 டன் கிடைக்கும். வெளியேறுவது 136 கிலோ. இதுவும் சுமார் 7 மூட்டைதான்.

கடைசி வரியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வீட்டுத் தேவை, கடன், சந்தை விலை என்று பல காரணங்களால் எல்லோராலும் 28 ஆண்டு காத்திருக்க முடியாது. இளம் வயதில் வெட்டியே ஆக வேண்டும் என்றாலும், இலையை நிலத்திலேயே விட்டால் இழப்பின் பெரும் பகுதியைத் தடுத்துவிடலாம். அதிகம் விலைபோகாத அந்த 8 டன்னில்தான் 120 கிலோ தழைச்சத்து இருக்கிறது. உண்மையில் இளம் மரத்தின் தண்டிலும் முதிர்ந்த மரத்தைவிடச் சத்து செறிவாக இருக்கும் என்பதால், இந்தக் கணக்கு இளம் வெட்டின் இழப்பைச் சற்றுக் குறைத்தே காட்டுகிறது.

தெற்கு ஆஸ்திரேலியா கற்ற பாடம்

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் காம்பியர் நகரைச் சுற்றியுள்ள மணற்பாங்கான நிலங்களில் ரேடியேட்டா பைன் பெரும் பரப்பில் நடப்பட்டது. முதல் சுற்று மரங்களை வெட்டியபின் மிஞ்சிய கிளை, இலை, சருகுகளைக் கொளுத்தி நிலத்தைச் சுத்தம் செய்து, இரண்டாம் சுற்று நட்டார்கள். அந்த மரங்கள் முதல் சுற்றைவிடக் குறைவாக வளர்ந்தன. 1966-இல் இது ஆய்வறிக்கையாக வெளிவந்தபோது, மர வளர்ப்பு உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரே மரத்தைத் தொடர்ந்து வளர்த்தால் மண் செத்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது.

தொடர்ந்து நடந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. பைன் மரம் மண்ணைக் கெடுக்கவில்லை. வெட்டியபின் செய்த வேலைகளே கெடுத்தன. கழிவைக் கொளுத்தும்போது அதிலுள்ள தழைச்சத்தின் பெரும் பகுதி புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் மிஞ்சும் சத்தும் மணல் நிலத்தில் மழையோடு கரைந்து கீழே இறங்கிவிடும். மூடாக்கு இல்லாத மண்ணில் ஈரமும் நிற்பதில்லை, களையும் பெருகுகிறது. கொளுத்துவதை விட்டு, கழிவை நிலத்திலேயே பரப்பி, தொடக்க ஆண்டுகளில் களையைக் கட்டுப்படுத்தி, தேவையான உரமும் இட்டபோது இரண்டாம் சுற்று முதல் சுற்றுக்கு ஈடாகவும் அதற்கு மேலாகவும் வளர்ந்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு வடமேற்கே உள்ள வுட்ஹில் காட்டிலும் இதே பாடம் கிடைத்தது. அது கடற்கரை மணல் நிலம். 1980-களில் அங்கே தொடங்கிய சோதனையில், தண்டை மட்டும் எடுத்தது, முழு மரத்தையும் எடுத்தது, முழு மரத்தோடு தரையிலிருந்த சருகையும் வாரி எடுத்தது என மூன்று விதமாகச் செய்து பார்த்தனர். சருகையும் வாரிய இடத்தில், உரமிடாத மரங்களின் வளர்ச்சி குறைந்தது. தழைச்சத்து உரம் இட்டபோது அந்தக் குறை பெரிதும் சரியானது. சருகின் வடிவில் வாரிக் கொடுத்ததைப் பின்னர் காசு கொடுத்து உரமாக வாங்க வேண்டியதாயிற்று.

எடைப் பங்கீட்டை நம்மால் மாற்ற முடியுமா?

ஓரளவு முடியும்.

இடைவெளி: நெருக்கி நட்டால் கீழ்க்கிளைகள் விரைவில் காய்ந்து, ஒவ்வொரு மரத்திலும் தண்டின் பங்கு கூடும், ஆனால் தண்டு மெலிந்திருக்கும். அகல நட்டால் ஒவ்வொரு மரத்திலும் கிளையும் இலையும் கூடும்; தண்டு விரைவில் பருக்கும்; கணுக்கள் பெரிதாக இருக்கும்.

இடைமரங்களைக் கலைத்தல்: நெருக்கமான தோப்பில் மெலிந்த, வளைந்த மரங்களை வெட்டி எடுத்தால் மிஞ்சிய மரங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். அவற்றின் இலைப்பரப்பு மீண்டும் விரியும். அதன்பின் அந்த வளர்ச்சி விற்கத் தகுந்த தடித்த தண்டுகளில் போய்ச் சேரும். கலைக்கும்போது வெட்டிய மரங்களின் இலை, நுனிகளை அங்கேயே விட வேண்டும்.

கவாத்து: கீழ்க்கிளைகளை நீக்குவது கணுவில்லாத மரம் பெறுவதற்காக. ஒரே நேரத்தில் அதிகம் நீக்கினால் உணவு தயாரிக்கும் இலை குறைந்து தண்டின் வளர்ச்சியும் தடைப்படும். நியூசிலாந்தில் ரேடியேட்டா பைனை சுமார் 6 மீட்டர் உயரம் வரை பல தடவையாகக் கவாத்து செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 3 முதல் 4 மீட்டர் பசுந்தலைப்பகுதியை விட்டுவைக்கிறார்கள்.

நம் பகுதிக்கு இதன் பயன் என்ன?

இந்தக் கட்டுரை பைன் நடச் சொல்வதற்காக அல்ல. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் உள்ள பைன் தோப்புகளில் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பட்டுலா பைன் முக்கியமானது. மலைப்பகுதியில் சொந்த நிலத்தில் பைன், சைப்ரஸ் மரங்கள் நின்றாலும், வெட்டுவதற்கு முன் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவையா என்று வனத்துறையிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பைன் மரத்தின் அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதில்லை. வெட்டினால் புதிதாக நட வேண்டும். அந்தக் கன்றின் முதல் சில ஆண்டுத் தேவையை மேல்மண்தான் கொடுக்க வேண்டும். சரிவான நிலத்தில் இலை, கிளைகளை மண்ணின் மேல் விட்டால் மண் அரிப்பும் குறையும்.

பைன் சருகில் ஓர் ஆபத்தும் உண்டு. அது மெதுவாகத்தான் மக்கும். காய்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். உத்தராகண்ட் மலைகளில் பிரூல் என்று அழைக்கப்படும் சிர் பைன் சருகு, கோடைக் காட்டுத் தீக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. எனவே சருகை விட்டுவைக்கும் தோப்பில், வேலி ஓரமும் பாதை ஓரமும் சருகை அகற்றித் தீத்தடுப்புப் பட்டை அமைப்பது அவசியம்.

சமவெளியில் இந்தப் பாடம் அதிகம் தேவைப்படுவது சவுக்குக்கு. கடலோர மணல் நிலங்களில் நெருக்கி நட்டு, 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டிவிடுகிறோம். அந்த வயதில் பச்சைக் குச்சிகளின் பங்கு இன்னும் கணிசமாக இருக்கும். தண்டு காகித ஆலைக்கோ சாரத்துக்கோ போகிறது. மிலாறு விறகுக்குப் போகிறது. வேரையும் தோண்டி விறகாக விற்கிறோம். சில இடங்களில் தரையில் கிடக்கும் சருகையும் கூட்டி எடுத்துவிடுகிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் எரித்து இழந்ததை, நாம் வாரிக் கொடுத்து இழக்கிறோம்.

சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது. ஆகவே தழைச்சத்து இழப்பு ஓரளவு ஈடாகும். ஆனால் மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது. அவை வெளியேறினால் வெளியேறியவைதான். சவுக்குக்கு உரம் தேவையில்லை என்ற நம்பிக்கை தழைச்சத்தைப் பொறுத்தவரை பாதி உண்மை. மற்றச் சத்துகளுக்குப் பொருந்தாது.

உங்கள் தோப்பில் நீங்களே அளந்து பார்க்கலாம்

1. தோப்பிலுள்ள மரங்களின் சுற்றளவை மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், நாடாவால் அளந்து குறிக்கவும்.
2. மெலிந்தது, நடுத்தரமானது, தடித்தது என மூன்று மரங்களைத் தேர்ந்தெடுத்து, வெட்டும் நாளில் தனியாகப் பிரிக்கவும்.
3. ஒவ்வொரு மரத்தின் இலை, கிளை, தண்டு ஆகியவற்றைத் தனித்தனியே பச்சையாக எடை போடவும்.
4. ஒவ்வொன்றிலிருந்தும் 500 கிராம் மாதிரி எடுத்து, எடை மாறாத நிலை வரும் வரை உலர்த்தவும். ஆய்வகத்தில் 70 டிகிரி வெப்ப அடுப்பில் உலர்த்துவார்கள்.
5. 500 கிராம் இலை மாதிரி உலர்ந்து 225 கிராம் ஆனால், உலர் பங்கு 45 சதவீதம். மரத்தில் 40 கிலோ பச்சை இலை இருந்திருந்தால் உலர் எடை 18 கிலோ.

கார்பன் வரவுக்காக மரம் வளர்க்கச் சொல்லி யாரேனும் அணுகினாலும் இந்த அளவீடு உதவும். தண்டின் எடையை ஒரே எண்ணால் பெருக்கி முழு மரத்தின் எடையைச் சொல்வது எல்லா வயதுக்கும் பொருந்தாது. இளம் மரத்தில் தண்டுக்கு மேல் சேர்க்க வேண்டிய பங்கு அதிகம். முதிர்ந்த மரத்தில் குறைவு. எந்த வயதுக்கான எண்ணைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

செய்ய வேண்டியவை

• வெட்டிய மரத்தின் இலை, நுனி, விரல் பருமனுக்குக் கீழான கிளைகளை நிலத்திலேயே பரப்பவும்.
• பட்டை உரிப்பதாக இருந்தால் தோப்பிலேயே உரித்து, பட்டையை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்பவும்.
• மரத்தை வெட்டிச் சில நாட்கள் தோப்பிலேயே காயவிட்டால் இலைகளில் ஒரு பகுதி அங்கேயே உதிரும்.
• மணற்பாங்கான நிலத்தில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மண் பரிசோதனை செய்து, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஈடு செய்யவும்.
• வேரைத் தோண்டி விற்றே ஆக வேண்டும் என்றால், அந்தக் குழிகளில் தொழு உரமோ மக்கிய உரமோ இட்டு மூடவும்.
• வெட்டும் ஒப்பந்தத்தில் இலையும் நுனியும் நிலத்துக்காரருக்கே என்று எழுதிக்கொள்ளவும்.

தவிர்க்க வேண்டியவை

• கழிவைக் கொளுத்தி நிலத்தைச் சுத்தம் செய்வது.
• இளம் தோப்பில் சருகைக் கூட்டி வெளியேற்றுவது.
• கவாத்தில் ஒரே நேரத்தில் பசுந்தலையின் பெரும் பகுதியை நீக்குவது.
• தொடர்ந்து இளம் வயதிலேயே முழு மரத்தையும் எடுத்து, உரமிடாமல் மறுபடி நடுவது.

மர இனத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ற வெட்டு வயது, உர அளவு பற்றி மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றில் ஆலோசனை பெறலாம். போகும்போது மண் மாதிரியோடு, கடைசியாக எந்த ஆண்டு வெட்டினீர்கள், எவற்றையெல்லாம் நிலத்தை விட்டு எடுத்தீர்கள் என்ற குறிப்பையும் கொண்டு போங்கள். எவ்வளவு உரம் தேவை என்பதைச் சொல்ல அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.